மறுபடியும் என் மகளைக் கூப்பிட்டேன்

சபையாருக்கு என் வணக்கம். நான் எழுதியதை என் மனைவி ஸ்டெல்லா வாசிக்கிறாள். எனக்குக் குரல் இல்லை. தொண்டையில் புற்றுநோய் என்று 1998 தொடக்கத்தில் கோயமுத்தூரில் சொன்னார்கள். குரல்வளையை எடுத்தால் பிழைப்பேன், பேச முடியாது என்றார்கள். எடுத்தார்கள். பிழைத்தேன்.

கருமத்தம்பட்டியில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் டைப்பிங் கடை. கல்யாணப் பத்திரிகை, தறிக்காரர்களின் பில், எல்லாம் அடித்துக் கொடுப்போம். ஆபரேஷனுக்கு முன்பு ஸ்டெல்லாவின் தம்பி டேவிட் மைக் ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை ஒன்றில் கணக்கு பார்க்கிறவன்.

"மாமா, ஒவ்வொரு வார்த்தையா பேசுங்க. தனித்தனி ஃபைலா போட்டு வெச்சிருவோம். அப்புறம் மவுஸ்ல அமுக்குனா உங்க குரல் வரும்" என்றான்.

பேசினேன். வா, வேண்டாம், தூங்கு, நல்லாருக்கு என்று சின்னச் சின்ன வார்த்தைகள். மகள் ரூத்துக்காகத்தான் அதிகம். பெரியவர்களுக்கு நான் சிலேட்டில் எழுதிக் காட்டலாம். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு தினமும் சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவேன். அவளும் அதை அதிசயமாக நினைக்கவில்லை. அப்பா இப்படித்தான் பேசுவார் என்று எடுத்துக்கொண்டாள்.

ஜூலை மாதம் ஒருவர் பத்திரிகை வாசகத்தை ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். அதில் வைரஸ் இருந்தது. மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தபோது என் வார்த்தைகள் ஒன்றுகூட இல்லை. வீட்டு அலமாரியில் வைத்திருந்த காப்பி ஃப்ளாப்பிகளைப் பதற்றத்தில் அதே கம்ப்யூட்டரில் போட்டேன். வைரஸ் அவற்றையும் அழித்தது. திரும்பப் பேசிப் பதிவு செய்யத் தொண்டையில் ஒன்றும் இல்லை.

ரூத் வந்து மவுஸை அமுக்கிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் போனாள். "ஏனுங்கம்மா, அப்பா எம்மேல கோவமா? பேசவே மாட்டீங்கறாரு" என்று கேட்டாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். அன்றிலிருந்து அவள் கடைப்பக்கம் வரவில்லை.

ஆபரேஷன் அன்றுகூட நான் அழவில்லை. இதற்கு அழுதேன். ஸ்டெல்லா முழங்காலிட்டுச் சத்தமாக ஜெபித்தாள். நான் வாயை மட்டும் அசைத்தேன். "கர்த்தாவே, குரலைத் திருப்பிக் கேட்கவில்லை. என் பிள்ளையை ஒரு தரம் கூப்பிட வழி செய்யும்." இவ்வளவுதான் என் ஜெபம்.

டேவிட்டுக்குப் போன் செய்தோம். தன்னிடமும் ஒரு செட் காப்பி இருப்பதாகச் சொன்னான். எங்களுக்கு அது தெரியாது. கோயமுத்தூர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனிக்கும் ஸ்டெல்லா சொல்லி வைத்தாள். ஆள் எப்போது வரும் என்று அவர்கள் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் டேவிட் பஸ்ஸில் வந்து இறங்கினான். டிபன் டப்பாவுக்குள் ஃப்ளாப்பிகளைத் துணியில் சுற்றி வைத்திருந்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்ட வைரஸ் இனி அதில் இருக்காது என்று நினைத்தேன், எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன். முதல் ஃப்ளாப்பியைக் கையில் எடுத்தேன். கரண்ட் போய்விட்டது.

"கரெக்டா இப்பத்தான் போகோணுமா!" என்று டேவிட் சலித்துக்கொண்டான். நானும் மேஜையைத் தட்டினேன். காத்திருந்தோம்.

கரண்ட் வருவதற்குள் சர்வீஸ் கம்பெனியின் செந்தில் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கையைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த ஃப்ளாப்பிய உள்ள போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க, கரண்ட் போயிருச்சு" என்றாள் ஸ்டெல்லா.

"போட்டிருந்தா இதும் போயிருக்குமுங்க. வைரஸ் இன்னும் உள்ளதான் உக்காந்திருக்குது."

ஃப்ளாப்பியைத் திரும்ப டிபன் டப்பாவுக்குள் வைத்தேன். ஸ்டெல்லா "ஸ்தோத்திரம்" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கம்பியில் உரசிய மரக்கிளையை வெட்டுவதற்காக லைனை நிறுத்தினார்கள் என்று பிறகு தெரிந்தது. காரணம் அதுதான். நிறுத்திய நேரம் எனக்காக என்று நம்புகிறேன்.

கரண்ட் வந்ததும் செந்தில் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். பிறகு டேவிட்டின் ஃப்ளாப்பிகளின் மூலையில் இருந்த பொத்தானைத் தள்ளினார். "இப்புடி ஓட்டை தெரிஞ்சா படிக்க மட்டுந்தான் முடியும். வைரஸ் உள்ள எதும் எழுத முடியாதுங்க" என்றார். எல்லா வார்த்தைகளும் வந்தன.

ஸ்டெல்லா போய் ரூத்தைக் கூட்டிவந்தாள். அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். நான் அமுக்கினேன். "ரூத்து கண்ணு, சாப்பிட்டயா?" என்று என் குரல் கேட்டது.

"இல்லீங்கப்பா. அம்மா இன்னும் போடவேயில்லீங்க" என்று புகார் சொல்லிக்கொண்டே என் மடியில் ஏறினாள்.

அதன்பிறகு எங்கள் பழக்கம் மாறியது. வெளி ஃப்ளாப்பி எதையும் சோதிக்காமல் போடுவதில்லை. காப்பி எடுத்தவுடன் பொத்தானைத் தள்ளிவிடுகிறோம். ஒரு செட் எங்களிடம், ஒரு செட் காங்கேயத்தில். இது ஜெபத்துக்கு மாற்று அல்ல. கொடுத்தவர் மேல் இருக்கும் மரியாதை.

தேவன் எனக்குச் செய்தார், உங்களுக்கும் செய்வார். உங்கள் பாரத்தை அவரிடம் சொல்லுங்கள். ஒரே ஒரு ஃப்ளாப்பியில் மட்டும் பிள்ளையின் படமோ, வேறு முக்கியமானதோ வைத்திருந்தால் எங்கள் கடைக்கு வாருங்கள். இன்னொரு காப்பி எடுத்துத் தருகிறேன். ஸ்டெல்லா உங்களோடு ஜெபிப்பாள், நானும் பக்கத்தில் முழங்காலிடுவேன்.