வரிசையில் நிற்காத கதை

தொலைபேசி நிலையத்தில் அவளை எல்லோரும் ‘முரண்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் வைத்த பெயர். காதில் ஹெட்போன், கையில் வயர், எதிரே அழைப்புகளை இணைக்கிற, துளைகள் நிறைந்த பலகை. நாள் முழுக்க ஊரார் குரல்கள் அவளைத் தாண்டிப் போகும். ஒருவர் அழுகையின் நடு, இன்னொருவர் சிரிப்பின் வால். எதற்கும் தொடக்கமோ முடிவோ அவளுக்குத் தெரியாது.

போர் முடிந்து அண்ணன் வீடு திரும்பினான். சாப்பிட உட்கார்ந்தால் திடீரென்று பேசுவான். பதுங்குகுழி, சின்ன வயதில் தொலைத்த செருப்பு, பக்கத்தில் செத்துக் கிடந்தவனின் கைக்கடிகாரம், மறுபடியும் செருப்பு.

“முதல்லேர்ந்து ஒழுங்கா சொல்லுடா,” என்பாள் அம்மா.

“முதல்னு ஒண்ணு இருந்தா சொல்ல மாட்டேனாம்மா?”

அந்தப் பதில் தங்கையான அவளை உலுக்கிவிட்டது. அதுவரை அவளும் எல்லோரையும்போல, காதலில் தொடங்கிக் கல்யாணத்தில் முடிகிற கதைகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு தொலைபேசிக்காரியின் ஒரே ஒரு பகலை எழுதினாள். காதில் விழுவதும் மனதில் ஓடுவதும் அதில் கலந்தே வந்தன. போரிலிருந்து வந்த அண்ணனும் வந்தான். நினைவு தாவிய இடத்துக்கெல்லாம் வாக்கியமும் தாவியது. நீதி சொல்ல யாரும் வரவில்லை.

பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“என்னம்மா இது, உடைஞ்ச சட்டி மாதிரி துண்டு துண்டா கிடக்கு?”

“உடைஞ்சதைத்தானே சார் எழுதியிருக்கேன்.”

“வரிசைப்படுத்திக் குடு, போடுறேன். கடைசியில அந்த அண்ணன் குணமாயிட்டான்னு ஒரு பாரா சேத்துடு.”

“என் அண்ணன் குணமாகலையே சார்.”

“வாசகருக்குப் புரியாதும்மா.”

“போர் மட்டும் அவங்களுக்குப் புரிஞ்சுதா?”

தாள்களை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக் கூட்டத்தில் தானே எழுந்து படித்தாள். “இது கதையா, ஜன்னியா?” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். “ரெண்டும்தான். உக்காந்து கேளுங்க,” என்றாள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இருந்தவர்களில் ஒரு பஸ் கண்டக்டர் பிறகு அவளிடம் வந்தார்.

“எனக்கும் மண்டைக்குள்ள இப்படித்தாங்க ஓடும். இதையெல்லாம் எழுதலாம்னு யாரும் சொன்னதில்ல.”

அதன்பின் அவர் எதுகை மோனை பார்க்காமல், பயணிகளின் பேச்சையே கவிதையாக்கினார். இருவரும் சேர்ந்து மெலிந்த ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அவள் கதை அதில் எழுதியபடியே வந்தது. தெருவையும் தொழிற்சாலையையும் தனிமையையும் புதுவிதமாக எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். திட்டிக் கடிதங்களும் வந்தன. அவற்றை அவள் அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள், அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

சில வருடங்கள் கழித்து அதே ஆசிரியர் வீடு தேடி வந்தார்.

“இதுக்கு இப்ப நவீனத்துவம்னு பேர் வெச்சிருக்காங்கம்மா. உன் கதையை நான் கொண்டுவர்ற தொகுப்புல சேக்கணும். அர்த்தம் சொல்லி நானே ஒரு முன்னுரை எழுதுறேன்.”

“பேரு என்ன வேணா இருக்கட்டும் சார். கதையைப் போடுங்க, முன்னுரை வேண்டாம்.”

“வாசகர் தடுமாறுவாங்களே?”

“தடுமாறட்டும்,” என்றாள். “நாங்க தடுமாறலையா?”

முன்னுரை இல்லாமலேதான் தொகுப்பு வந்தது.