கடலில் ஏது தூசி

எங்கள் படகு கரும்புகை விட ஆரம்பித்தபோது நான் எஞ்சினைச் சந்தேகப்படவில்லை. டிரைவரைத்தான் சந்தேகப்பட்டேன். எஞ்சினுக்கு வாய் கிடையாது, பொய் சொல்லாது என்பது என் நினைப்பு. போதாததற்கு, தங்கல் போய்விட்டு வந்தால் தொட்டியில் மிச்சம் நிற்க வேண்டிய டீசலும் நிற்கவில்லை. ஏழெட்டு நாள் கடலிலேயே தங்கி மீன்பிடித்துவிட்டு வருகிற படகு அது. நடுக்கடலில் யார் யாருக்கு எதை ஊற்றிக் கொடுத்தார்கள் என்று கரையில் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

நான் புதுக்கடையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் வாழையும் ரப்பரும்தான். கடலைப் பார்ப்பதென்றால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கால் நனைத்துவிட்டு வருவதோடு சரி. வளைகுடாவில் வேலை பார்க்கிற என் கணவர் ஒரு விடுமுறைக்கு வந்தவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பழைய விசைப்படகை விலை பேசி வாங்கிவிட்டார். வாங்கிய பதினைந்தாம் நாள் விமானம் ஏறினார். படகு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் நின்றது, பொறுப்பு என் தலையில் விழுந்தது.

டிரைவர் படகோடு சேர்ந்து வந்தவர். முந்தின முதலாளியிடம் அதே படகை ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணே என்பேன். அதிகம் பேச மாட்டார். அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஒரு மாதிரிதான். உள்ளே என்ன ஓடுகிறது என்று பிடி கிடைக்காது.

முதலில் பேச்சை எடுத்தது அவர்தான். ஒரு தங்கல் முடிந்து வந்து, படகுத்துறையில் நின்று சொன்னார்.

“அக்கா, எஞ்சினுக்குக் காத்து பத்தல. அதான் பொக தள்ளுது, டீசலும் கூடக் குடிக்குது. ஏர் ஃபில்டர் பழசு, வெறும் கம்பிவலதான் கெடக்கு. நல்லதா ஒண்ணு மாத்திப் போடணும். மார்த்தாண்டத்துல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கு இருக்காரு.”

கடைசி வாக்கியம்தான் என் காதில் விழுந்தது. தெரிந்த மெக்கானிக். இவர் ஆளைக் காட்டுவார், அவர் பில்லைக் காட்டுவார், நான் பணத்தை எண்ணி வைக்க வேண்டும்.

“கடல்ல ஏது அண்ணே தூசி?” என்று கேட்டேன். “ரோட்டுல ஓடுற லாரிக்கு ஃபில்டர் வேணும், சரி. சுத்தி தண்ணியில நிக்குற போட்டுக்கு எதுக்கு?”

உண்மையில் அதுவும் ஒரு காலத்தில் லாரி எஞ்சின்தான். பழைய லாரியிலிருந்து கழற்றி, கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் படகில் இறக்கியிருந்தார்கள். லாரியில் இருந்த பெரிய ஃபில்டர் டப்பாவுக்கு எஞ்சின் அறையில் இடம் இல்லாமல், காற்று இழுக்கிற வாயில் ஒரு கம்பிவலைக் கூட்டை மட்டும் மாட்டி விட்டிருந்தார்கள். இதை அவர் சொன்னபோது, அப்படியானால் அந்தப் பெரிய டப்பாவை யார் விற்றுத் தின்றது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலம் கணவரிடம் ஃபோனில் சொன்னேன்.

“ஏட்டி, ரெண்டு பேரும் பங்கு போடுவானுவ. நீ ஒண்ணுக்கும் சம்மதிக்காத” என்றார்.

அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோது திருப்தியாக இருந்தது.

அடுத்த தங்கல் முடிந்து படகு வந்தபோது, முகத்துவாரத்தில் நுழையும் முன்பே புகை தெரிந்தது. மற்றப் படகுகள் எல்லாம் மீனை இறக்கி ஏலம் முடித்திருந்தன. எங்களுடையது வண்டி இழுக்க மாட்டாத மாடு போல மெதுவாக வந்து ஒதுங்கியது. தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். டிரைவர் அளவுக் கம்பை உள்ளே விட்டு எடுத்து, படகிலிருந்தே கையை நீட்டி என்னிடம் காட்டினார். ஈரம் நுனியில் நாலு விரல் அளவுக்குத்தான் இருந்தது. கம்பை வாங்கி முகர்ந்து பார்த்தேன். டீசல்தான். அடிவரைக்கும் விட்டாரா, பாதியில் நிறுத்தினாரா என்று அடுத்த சந்தேகம். பாதியில் நிறுத்தினால் மிச்சம் குறைவாகத் தெரியும், மீதியை அப்புறம் கேனில் இறக்கிக்கொள்ளலாம் அல்லவா?

நானே இறங்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தத் துறைமுகத்தில் பெண்கள் மீன் எடுப்பார்கள், ஏலம் கேட்பார்கள், சண்டை போடுவார்கள், படகில் மட்டும் ஏற மாட்டார்கள். ஏறக் கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. யாரும் ஏறி நான் பார்த்ததும் இல்லை.

அந்த முறையும் ஃபில்டர் பேச்சை எடுத்தார். பார்க்கலாம் என்றேன். மூன்றாம் முறை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல், ஐஸ் ஏற்றியாயிற்றா என்று கேட்டேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். அந்தத் தங்கல் முடிந்து படகு இன்னும் தாமதமாக வந்தது. மீனில் பாதி பதம் கெட்டிருந்தது, கொண்டுபோன டீசல் ஒட்டக் காலி. கடைசிக் கொஞ்ச தூரத்துக்குப் பக்கத்துப் படகிடம் ஒரு கேன் கடன் வாங்கியிருக்கிறார்கள். காலையிலிருந்து மழையில் குடை பிடித்து நின்ற எரிச்சல் வேறு. டிரைவர் தவிரப் படகில் இருந்த எட்டு பேரும் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் கேட்கும்படியாகக் கேட்டேன்.

“அண்ணே, உள்ளதச் சொல்லுங்க. டீசல எங்கன எறக்குதிய?”

வலை சுருட்டிய கைகள் நின்றன. டிரைவர் என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமானது. என் கடையில் துணி கொடுக்கிற பெண்களில் பாதிப் பேர் தைத்ததை வாங்கும்போது, மிச்சத் துணி எங்கே என்று கேட்பார்கள். மிச்சமே இருந்திருக்காது. அப்போது என் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எதிரில் பெரிய கண்ணாடி இருக்கிறது. தெரிந்தும் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

“நீங்களே வந்து பாருங்க” என்றார். அவ்வளவுதான்.

துறையிலிருந்து படகுக்குப் போட்டிருந்த பலகையில் கால் வைத்தேன். யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். யாரும் தடுக்கவில்லை, கை கொடுக்கவும் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, டிரைவர் பின்னாலேயே குனிந்து எஞ்சின் அறைக்குள் இறங்கினேன்.

எஞ்சின் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தும் உள்ளே சூடு அடுப்பங்கரை மாதிரி இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது துணி. குறுக்கே இரண்டு கயிறு கட்டி, கைலி, துவர்த்துத் துண்டு, பனியன், வலை இழுக்கிற பருத்திக் கையுறைகள் எல்லாம் வரிசையாகத் தொங்கின. மழைக்காலத்தில் மேல்தட்டில் எதுவும் காயாது. ஈரத்தோடு எட்டு நாள் இருக்க முடியாது என்று எல்லாரும் துணியை இங்கே கொண்டுவந்து காயப்போடுகிறார்கள். மழை இல்லாத நாளிலும் அதுவே பழக்கமாகிவிட்டிருக்கிறது. கயிற்றுக்கு நேர் கீழே, ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல், எஞ்சின் காற்று இழுக்கிற வாய்.

டிரைவர் கிளிப்பைத் தளர்த்திக் கம்பிவலைக் கூட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். கம்பியே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று தடிமனாக அப்பியிருந்தது, எண்ணெய் ஊறிப் பிசுபிசுவென்று.

“எஞ்சின் உள்ள இருந்து எண்ணெய் ஆவி இந்தக் குழாய் வழியா வரும். அதுவும் இதுலதான் ஒட்டும். நான் கழுவிக் கழுவிப் போடுதேன். ரெண்டு நாள்ல திரும்ப இப்பிடி ஆயிரும்” என்றார்.

அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தையல் இயந்திரத்தின் ஊசித்தட்டைத் திருகிக் கழற்றினால் அடியில் இதேதான் அடைந்து கிடக்கும். துணிப் பஞ்சு. தினமும் பிரஷ்ஷால் எடுக்காவிட்டால் இயந்திரம் முக்கும்.

அப்போதாவது நான் நம்பியிருக்க வேண்டும். இல்லை. எனக்குக் காட்டுவதற்காக இன்று காலையில்தான் அப்பி வைத்தாரோ என்று ஓடியது புத்தி. நகத்தால் கீறிப் பார்த்தேன். அடுக்கடுக்காகப் பிரிந்தது. மேலே கையுறையின் வெள்ளை, அதற்குக் கீழே கைலி நீலம், அதற்கும் கீழே மெல்லிய மெரூன். அந்த மெரூன் எனக்குத் தெரியும். இந்தத் தங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு எட்டு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை தைத்துக் கொடுத்தது நான்தான். சாயம் போகிற, பஞ்சு உதிர்கிற மட்டமான துணி என்று வெட்டும்போதே திட்டியிருந்தேன். இதைக் காலையில் உட்கார்ந்து செய்ய முடியாது.

“முன்னாலேயே இத இப்பிடிக் கழத்திக் காட்டியிருக்கலாம்லா” என்றேன்.

“மூணு தடவ சொன்னேன் அக்கா.”

மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மேலே எட்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் ஃபில்டர் வாங்க நானே மார்த்தாண்டத்துக்குப் போனேன். அவர் சொன்ன மெக்கானிக்கிடம் நேரே போகவில்லை. இரண்டு கடையில் தனித்தனியாகக் கேட்டு, மூன்றாவதாகத்தான் அங்கே போனேன். காற்று இழுக்கிற வாயின் அகலத்தைத் தையல் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்று பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். இந்த எஞ்சினுக்குத் தேவையானதைவிட ஒரு அளவு பெரியதாகப் போட வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் அடைக்காது. எண்ணெய் ஆவி வருகிற குழாயை ஒரு சின்ன டப்பாவுக்குள் விட்டு, எண்ணெய் அங்கேயே வடிந்துவிடும்படி செய்ய வேண்டும். இடம் இல்லையென்றால் ஃபில்டரைச் சுவரோரமாகத் தள்ளி மாட்டி, ரப்பர் குழாயால் எஞ்சினோடு சேர்க்கலாம். மெக்கானிக் ஒரு கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குமிழையும் காட்டினார். ஃபில்டர் அடைத்தால் அதில் சிவப்பு தெரியுமாம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. சந்தேகப்படுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

மெக்கானிக் வந்து மாட்டி முடிக்கும்வரை நான் எஞ்சின் அறைப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன், புதிய பெட்டியைப் பிரித்துக் காட்டிவிட்டுப் பழைய ஃபில்டர் எதையாவது மாட்டிவிடுவாரோ என்று. கயிறுகளை டிரைவரே அவிழ்த்து மீன் அறைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார். என்னோடு தேவையானதை மட்டும் பேசினார். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் வைத்திருந்ததை அன்றும் சொல்லவில்லை.

அடுத்த தங்கல் முடிந்து படகு வந்தபோது புகையைத் தேடினேன். இல்லை. ஏலத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. எஞ்சின் சத்தம்கூடத் தெளிவாக இருந்தது. டிரைவர் கேட்காமலே அளவுக் கம்பைக் கொண்டுவந்து நீட்டினார். ஈரம் கம்பின் பாதிக்கு மேல் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

“கொள்ளாம் அண்ணே” என்று பாராட்டினேன்.

அவர் படகுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“அடுத்த தங்கலுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க அக்கா.”

ஃபில்டர் மாற்றியாயிற்றே, எல்லாம் சரியாகிவிட்டதே என்றேன். அன்று கேட்டது தப்புதான் என்றும் கடைசியில் சொன்னேன். அதுவும் கொஞ்சம் அவசரமாக, அவர் போய்விடக் கூடாதே என்று.

“ஃபில்டர் நல்ல சாதனம்தான்” என்றார். குரலில் கோபமே இல்லை. “ரொம்ப நாளைக்கு டீசல் கொறையாது. அதுக்கப்பொறம் ஒரு நாளு கொறையும். எஞ்சின்னா கொறையும். அன்னைக்கும் நீங்க எஞ்சினப் பாக்க மாட்டிய, என் மொகத்தத்தான் பாப்பிய.”

அப்படி இல்லை அண்ணே, இனிமேல் அப்படி இருக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

“வேற போட்டுக்காரங்க யாராவது கூடக் கூலி தாறேன்னு கூப்பிட்டாங்களா?” என்று கேட்டேன்.

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏலம் நடக்கிற கூட்டத்துக்குள் போய்விட்டார்.