கேட்டருகே போட்ட நாற்காலி

"அக்கா, நான் வேலைய விட்டுடறேன்" என்று தம்பி சேவியர் போனில் சொன்னான். மறுநாளே காட்பாடியில் ரயில் ஏறிவிட்டேன். ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பயணம் இல்லை இது. தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் நன்றாகத் தேறி, விடுப்பு முடிந்து, பொம்மசந்திராவில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனிக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவருக்காகப் பெங்களூர் போய்ப் பேச வேண்டியிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை மூன்றரை மணி நேரம். அங்கிருந்து தம்பியின் அறை இருக்கும் விவேக் நகருக்கு ஆட்டோ. மீட்டர் போட மாட்டாராம். எண்பது கேட்டு அறுபதுக்கு இறங்கினார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்குத் தம்பியோடு கிளம்பினேன். மடிவாளா வரை ஒரு பஸ், பிறகு பொம்மசந்திரா வழியாகப் போகும் அத்திப்பள்ளி பஸ். மொத்தம் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் மேம்பாலத்துக்காக ஓசூர் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் புழுதி தின்றோம். மூக்கில் கட்டிக்கொள்ளத் துண்டு எடுத்துப் போங்கள்.

கம்பெனி கேட்டில் வயதான வாட்ச்மேன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தம்பி உள்ளே போவான் என்று பார்த்தால், அவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"இங்க என்னடா பண்றே?"

"இதான்க்கா இப்ப என் வேலை. சும்மா உக்காந்திருக்கணும்."

பேக்கிங்கில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக்கூடத் தொட விடவில்லை. சாப்பாடுகூட கேன்டீனிலிருந்து இங்கேயே வந்துவிடுமாம். சம்பளம் மட்டும் ஒழுங்காக வருகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். கெட்டவரும் இல்லை, அதுதான் கூடுதல் எரிச்சல்.

"பாவம் மேடம், ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான்" என்றார்.

"ரெஸ்ட் எல்லாம் எடுத்து முடிச்சுட்டுதான் சார் வந்திருக்கான். ராத்திரி மாத்திரை போட்டா தூங்கணும். நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு."

"ஷிப்ட் எல்லாருக்கும் மாறி மாறி வரும். ஒருத்தருக்காக ரூல மாத்த முடியாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டுமாம். நோயோடும் மாத்திரையோடும் தினம் அட்ஜஸ்ட் பண்ணுகிறவனிடம் இன்னும் என்னத்தைக் கேட்கிறார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள், கூடவே வந்து கதவோரம் நின்றிருந்த தம்பி பேசினான்.

"சார், ரம்ஜான் மாசம் பூரா நம்ம பேக்கிங் ரபீக்கோட செகண்ட் ஷிப்ட நான் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு என் நைட்ட அவன் பார்த்தான். நீங்கதான் சரின்னீங்க. இப்பவும் என் நைட்ட அவன் எடுத்துக்கறேன், அவனோட பகல எனக்குத் தரேன்னு சொல்றான்."

நோன்புக்கு வளைந்துகொடுத்த ரூல் நோய்க்கு வளையாதா? நானும் இதைத்தான் கேட்டேன்.

"பேக்கிங்ல பிளேடெல்லாம் இருக்கு மேடம். ஏதாவது ஆச்சுன்னா?"

"இந்த ஆறு வருஷத்துல ஏதாவது ஆச்சா சார்?"

இல்லை என்று தலையாட்டினார். ரபீக்கைக் கூப்பிட்டு விசாரித்தார். அவனும் சம்மதம் என்றான். "சரி, ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார் மேனேஜர். மற்றவர்களையும் இப்படி ஒரு மாதம் பார்த்துத்தான் வைத்திருக்கிறாரா என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தம்பி நேரே கேட்டுக்குப் போய் நாற்காலியைத் தூக்கி, வாட்ச்மேன் பக்கம் போட்டான். "அண்ணா, உக்காருங்க." அது அவருடைய நாற்காலியாம். பாவம் பார்த்து அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மாதமாக அவரை நிற்க வைத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள், நைட் ஷிப்ட் கூடாது என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாற்றிக்கொள்ளக்கூடிய ஆளிடம் முன்பே பேசி வையுங்கள். மேனேஜர் முன்னால் அழாதீர்கள். அழுதால் நாற்காலிதான் போடுவார்கள்; வேலையைக் கேளுங்கள்.