செம்பூரில் வாங்கிய குருவிக்கூடு

நாசரேத்தில் ஏறி, திருநெல்வேலியிலும் சென்னையிலும் வண்டி மாறி, காலை ஆறரை மணிக்குப் பம்பாய்த் தாதரில் இறங்கினேன். மூன்றாம் வகுப்பில் சன்னலோர இடம் கிடைத்ததால் ராய்ச்சூர், ஷோலாப்பூர், பூனா என்று எல்லா ஊரையும் பார்த்தாயிற்று. பூனாவைத் தாண்டி ரயில் மலையிறங்கும் அழகை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. தங்கை மெர்சிக்கு நெஞ்சில் டி.பி. என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்தவள் நான்.

மெர்சியின் வீட்டுக்காரர் செல்லத்துரை ஸ்டேஷனில் காத்திருந்தார். பரேலில் மில் வேலை அவருக்கு. டாக்ஸி பிடித்து மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குப் போனோம். ஒன்றேகால் ரூபாய்.

"பயப்படாதிய மைனி. அவளுக்கு இப்ப பெரிய மருந்து நடக்கு. பணக்காரங்க சாப்பிடுத சாமான்," என்றார்.

தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதில்தான் அடுப்பு, கட்டில், தண்ணீர் டிரம் எல்லாம். கட்டிலில் உட்கார்ந்திருந்தவளை ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாராவித் தமிழ்ச் சபைக் கோயிலில் ஞாயிறுதோறும் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். "அக்கா" என்று கூப்பிடுவதற்குள் இரண்டு தடவை இருமினாள்.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் செல்லத்துரை சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தார். காலையிலேயே ஊறப்போட்டிருந்த கிண்ணத்தை எடுத்தார். வெள்ளைச் சேமியா ஊறினாற்போல் இருந்தது. அதில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன இறகுகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாய் எடுத்துப் போட்டார். பிறகு கற்கண்டு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து வேகவிட்டார்.

"கடல் தீவுல ஒரு உழவாரக் குருவி, எச்சிலாலேயே கட்டுத கூடு மைனி. சீனாக்காரன் இதைத் தின்னுதான் நூறு வயசு இருக்கான்."

எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பு. கற்கண்டு இனித்தது; கூட்டுக்கென்று ஒரு ருசியும் இல்லை.

"ஆஸ்பத்திரி ஊசி?" என்று கேட்டேன். செல்லத்துரை கிண்ணத்தை வழிக்கத் தொடங்கினார். மெர்சிதான் சொன்னாள்: "நிறுத்தி மழைக்காலம் ஒண்ணு போச்சு. அந்த ஊசி போட்டா காதுல வண்டு இரையுது அக்கா. ஆர்மோனியத்துல சுருதி எதுன்னே தெரியல. செவிடாயிட்டா நான் எப்படிப் பாட?"

மறுநாள் மில்லுக்கு விடுமுறை. கூடு விற்றவரை நான் பார்த்தே ஆகவேண்டும் என்று செல்லத்துரையைக் கிளப்பினேன். சயானில் பஸ் ஏறினோம். செம்பூர் அங்கிருந்து மூன்று மைல் இருக்கும். டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் பட்டப்பகலில் தீ எரிந்துகொண்டிருந்தது. "அது அணையவே அணையாது," என்று ஏதோ தன் சொத்தைக் காட்டுவதுபோல் காட்டினார். வாயில் கடுஞ்சொல் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

ரங்கூன் அண்ணாச்சி என்று எல்லோரும் கூப்பிடும் மனிதர், ஒரு மாவு மில்லின் பின்கட்டில் குடியிருந்தார். பர்மாவில் கடையும் வீடும் பறிபோய், கட்டிய வேட்டியோடு கப்பலேறியவர். இப்போது கப்பல் ஆட்களிடம் கூடு வாங்கி விற்கிறார். ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். காதுமடல் அளவில் வெள்ளைக் கிண்ணங்கள். ஒன்று இருபது ரூபாய். கடல்பாசியைக் காய்ச்சிச் செய்த போலியாக இருக்கும் என்ற சந்தேகத்தில் கையில் வாங்கி உடைத்துப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

"அசல்தாம்மா. பர்மாவுக்குத் தெற்கே மெர்குயித் தீவுச் சரக்கு. அங்கே நான் வியாபாரம் பண்ணினதே இதுதான்."

"இது டி.பி.யைக் குணமாக்குமா அண்ணாச்சி?"

அவர் செல்லத்துரையைப் பார்த்தார், பிறகு டின்னைப் பார்த்தார். "உடம்புக்குத் தெம்புன்னு சொல்வாங்க. என் சம்சாரத்துக்கும் அதே நோவுதான். ரங்கூன்ல தினமும் கொடுத்தேன். அங்கேயே புதைச்சுட்டு வந்தேன்."

"இதை இவர்கிட்டே சொல்லலையே?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலியே அம்மா."

திரும்பப் பஸ் ஏறினோம். சயானில் இறங்கியதும் செல்லத்துரை, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மைனி," என்று மட்டும் சொன்னார்.

போனோம். நீண்ட வரிசை, பகலுணவு நேரம் தாண்டித்தான் உள்ளே விட்டார்கள். மராத்திக்கார டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து இந்தியில் பேசினாள். எனக்கு இந்தி தெரியாது. மெர்சியே கேட்டுக்கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சங்கதியைச் சொல்வதுபோல.

"இடது பக்கம் போயிட்டாம். வலதுலயும் இறங்கிட்டாம். காது இரைஞ்சப்பவே வந்து சொல்லியிருக்கணுமாம். அந்த ஊசிக்குப் பதிலா வேற மாத்திரை உண்டாம்."

"ஏன் வந்து சொல்லல நீ?"

"ஏசுவாங்கன்னு நினைச்சேன்."

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். படுக்கையில் துணி விரித்துக் கொடுத்தபோது அவளிடம் கேட்டேன்: "நீ அந்தக் கூட்டை நம்பினாயா?"

"குருவி எச்சிலையா?" சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த மனுசன் ஒரு தம்ளர் தண்ணி மோந்து தந்ததில்ல அக்கா. மில்லுல நின்ன காலோட வந்து, கண்ணு வலிக்க வலிக்க இறகு பொறுக்கினாரு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

லீவு முடிந்தது. மெர்சியை வார்டில் விட்டுவிட்டுத் தாதரில் சென்னை வண்டி ஏறினேன். செல்லத்துரை பிளாட்பாரத்தில் நின்று, வண்டி நகரும் வரை சன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. தவக்காலம் தொடங்குமுன் மெர்சி இறந்துபோனாள். இரண்டு காதும் கடைசிவரை நன்றாகக் கேட்டதாம்.

எங்கள் ஊரில் வைத்தியம் தப்பிப் போனால் திட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பான். தாயத்துக்காரனோ, பொய் மருந்து விற்றவனோ. அவன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றலாம். பம்பாயில் அப்படி ஒருத்தனைத் தேடிப் பார்த்தேன். விற்றவர் பொய் சொல்லவில்லை, கூடும் அசல். டாக்டரம்மா தன் வேலையைச் செய்தாள். புருஷன் அன்பாயிருந்தான், மனைவி அவன் மனம் நோகாமல் நடந்துகொண்டாள். வாரிய மண்ணை யார்மேல் போடுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.