இடது முன் சில்லில் ஒரு ‘டொக்’

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு, காலி வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் காரைத் திருப்பினேன். பக்கத்து சீற்றில் என் மனைவி யோகா. அவள் மடியில் மீன் பை.

"கேட்டுதா?" என்றாள்.

"என்னது?"

"டொக் எண்டுது. என்ரை காலுக்குக் கீழை."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனைவி சொல்வது கேட்காத மாதிரி இருப்பது ஒரு கலை. முப்பத்தொரு வருடப் பயிற்சியில் நான் அதில் ஓரளவு தேர்ச்சி பெற்றவன்தான். ஆனால் இந்த முறை சத்தியமாகக் கேட்கவில்லை.

எங்கள் காருக்குப் பத்தொன்பது வயது. ஜப்பானில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, கொழும்பு வீதிகளில் முதுமையடைந்த கார். வேறு நாடுகளில் இந்த வயதுக் காரைப் பழைய இரும்புக்குப் போடுவார்கள். நம் நாட்டில் புதுக் கார் விற்கிற விலைக்கு, "எவ்வளவுக்குக் குடுப்பீங்க?" என்று சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியைத் தட்டிக் கேட்கிறார்கள். வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிறது. எனக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

யோகாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெறும்வரை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். சாட்சிக் கூண்டில் நிற்பவன் வாய்க்குள் முனகுவதையும், வக்கீல் இருமலுக்கு நடுவே சொல்வதையும் ஒரு சொல் பிசகாமல் எழுதியவள். அப்படிப்பட்டவள் ‘டொக்’ என்றால் அது டொக்தான். ‘டக்’ அல்ல, ‘டங்’ அல்ல.

இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததா? இல்லையே…

அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல் பாமன்கடையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் சுனில் பாஸிடம் காரைக் கொண்டுபோனேன். சுனில் காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் ஒரு அமுக்கு அமுக்கினான். கார் ஒரு தரம் தலையாட்டியது.

"ஷொக்ஸ் தெகம இவராய், மாத்தயா" என்றான். ஷொக் அப்சோர்பர் இரண்டும் முடிந்துவிட்டதாம்.

மாற்றினோம். சுனில் ஒரு சுற்று ஓடிப் பார்த்து, சத்தம் போய்விட்டது என்றான். நானும் ஓடிப் பார்த்தேன். எனக்கும் சத்தம் இல்லை. வீட்டு வாசலில் யோகாவை ஏற்றிக்கொண்டு, வெற்றி வீரனாக ஒழுங்கையின் முதல் வளைவில் திருப்பினேன்.

"டொக்" என்றாள் யோகா.

மறுபடியும் சுனில். இந்த முறை காருக்குக் கீழே படுத்துப் பார்த்து, ஸ்டெபிலைசர் லிங்க் என்ற ஒரு கம்பியைக் குற்றம் சாட்டினான். அதையும் மாற்றினோம். எனக்குச் சத்தம் இல்லை. சுனிலுக்கும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு ஆண்கள் சத்தியம் செய்கிறோம். யோகா ஏறி உட்கார்ந்தாள். பள்ளம் வந்தது.

"டொக்."

அன்று பின்னேரம் நானே விசாரணையில் இறங்கினேன். டிக்கியைத் திறந்து ஜாக், குடை, பழைய பத்திரிகைக் கட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். ஸ்பெயார் டயருக்கு அருகில் ஒரு தேங்காய் அகப்பட்டது. எந்தக் கோயிலில் உடைக்க வாங்கியது, எந்தப் பிள்ளையாரை ஏமாற்றினோம் என்று தெரியவில்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. தேங்காயைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

"இந்தா, உம்முடைய டொக்."

யோகா தேங்காயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தேங்காய் பின்னாலை இருந்தது. சத்தம் முன்னாலை, இடப்பக்கம்" என்று சொல்லிவிட்டு, தேங்காயை வாங்கிச் சம்பலுக்கு உடைத்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது சிரித்துவிட்டு மறக்கிற கதை. ஆனால் அடுத்த வார வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து வந்த யோகாவின் அக்காவையும் அத்தானையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவதாக இருந்தோம். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் யோகா அறிவித்தாள்.

"இந்தக் காரிலை நான் மலைக்கு வரமாட்டன். அக்காவையும் ஏத்த விடமாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு தரம் கராஜுக்குப் போய் வந்தவன் நான். எல்லாவற்றையும் மாற்றியவன் நான். ஆணுக்குக் கோபம் வந்தால் வாயில் முதலில் வருவது எப்போதும் தவறான வசனம்தானே… எனக்கும் வந்தது.

"கார் நல்லாத்தான் இருக்கு. உமக்குத்தான் காதிலை ஏதோ பிழை. போய் டொக்டரிட்டைக் காட்டும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வாதத்தில் வென்றுவிட்டேன் என்று நினைத்து இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தபோது, என் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடதாசி இருந்தது. வெள்ளவத்தையில் ஒரு காது வைத்தியரின் கிளினிக் அறிக்கை. அவள் உண்மையாகவே போய்க் காட்டியிருக்கிறாள். இரண்டு காதுக்கும் வரைபடம் போட்டு, கீழே டொக்டர் கையெழுத்து. இரண்டு காதும் சுத்தம். வயதுக்கு மிஞ்சிய கூர்மை என்று தனியாக ஒரு வரி வேறு.

"வாசிச்சிட்டீங்களோ?"

"ஓம்."

"அப்ப நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போறம்."

நீதிமன்றத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு டிரைவர் சொன்ன கராஜ் அது. நிசாம் நானா என்பவருடையது. ஐம்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி, கிரீஸ் படிந்த சேர்ட், மெதுவான பேச்சு. நாங்கள் இறங்கியதும் கேட்டார்: "செல்லுங்க, என்ன பிரச்சின?"

நான் தொடங்கினேன். "முன்னுக்கு ஏதோ சத்தம் எண்டு…"

"நீங்க கேட்டீங்களா?"

"நான் கேக்கேல்லை. இவதான்…"

அவ்வளவுதான். நிசாம் நானா என் பக்கமிருந்து முழுதாகத் திரும்பி யோகாவைப் பார்த்து நின்றார். எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும். யோகா சாட்சியம் சொன்னாள்.

"நேராப் போகேக்கை இல்லை. மெதுவாப் போய் இடப்பக்கம் வளைக்கேக்கை ஒரு தரம். பள்ளத்திலை இறங்கேக்கை ஒரு தரம், ஏறேக்கை இல்லை. பிரேக் பிடிச்சு நிக்கிற கடைசி நேரத்திலை சில வேளை. மழை பெய்தால் கொஞ்சம் குறைவு."

நிசாம் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு காலமா கராஜ் நடத்துறன் மேடம். எல்லாரும் வந்து ‘சத்தம் ஈக்கிது’ எண்டு மட்டும்தான் செல்லுவாங்க. இப்படி ஒருத்தரும் செல்லல்ல."

பிறகு மூன்று பேருமாக ஒரு சுற்று ஓடினோம். நான் ஸ்டியரிங்கில், யோகா பக்கத்தில், நிசாம் நானா பின்சீற்றில் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. ஒரு கோயில் பக்கத்து வளைவில் மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன். யோகாவும் நிசாம் நானாவும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். கச்சேரியில் தாளம் சரியாக வந்து விழும்போது முன்வரிசை ரசிகர்கள் ஆட்டுவார்களே, அதே ஆட்டு. எனக்குக் கேட்டது பின்னால் வந்த பஸ்ஸின் ஹோர்ன் மட்டும்.

கராஜுக்குத் திரும்பி வந்து ஜாக் போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். சில்லைக் கழற்றவில்லை. அதற்குக் கீழே ஒரு நீண்ட அலவாங்கைக் கொடுத்து மெதுவாக நெம்பினார்.

"இஞ்ச குனிஞ்சு பாருங்க சேர்."

குனிந்து பார்த்தேன். சில்லையும் அதைத் தாங்குகிற இரும்புக் கையையும் இணைக்கும் ஒரு மூட்டு. போல் ஜொயின்ட் என்பார்கள். நம் இடுப்பு மூட்டு மாதிரி ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை. அதை மூடியிருந்த ரப்பர் கிழிந்து, கிரீஸ் எல்லாம் போய், உள்ளே கறள் பிடித்திருந்தது. அவர் நெம்ப நெம்ப அந்த உருண்டை கிண்ணத்தை விட்டு நகக்கண் அளவுக்கு வெளியே வந்து வந்து போனது.

கேட்காத சத்தத்தைக் கண்ணால் பார்த்தேன்.

"இது கழண்டா என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"சில்லு ஒரு பக்கமா மடிஞ்சு படுத்துரும். ஸ்டியரிங் கேக்காது. டவுனுக்குள்ள மெதுவாப் போனா நடு ரோட்டில நிண்டுரும், அவ்வளவுதான். மலையில எறங்கக்குள்ள எண்டா…"

அவர் துணியை எடுத்துக் கை துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நுவரெலியா வழியில் றம்பொடைப் பக்கத்து வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பின்சீற்றில் அக்காவும் அத்தானும். இடது முன் சில்லுக்கு மேலே யோகா. நான் "உம்முடைய காதிலைதான் பிழை" என்று சொல்லிச் சொல்லி ஏறியிருப்பேன்…

நிசாம் நானா திரும்பி வந்தார். கொஞ்சம் தயங்கினார்.

"சேர் கோவிக்க வேணாம். நீங்க கராஜ் கேட்டுக்குள்ள திருப்பக்குள்ளயே எனக்கு அந்தச் சத்தம் கேட்டிச்சு. ரேடியோவும் பாடிக்கிட்டு ஈந்திச்சு, அப்பவும் கேட்டிச்சு. உங்களுக்கு உண்மையிலயே கேக்கல்லயா?"

கராஜே அமைதியானது போல இருந்தது. உண்மையில் அமைதியானதா என்று கேட்காதீர்கள். அந்த விஷயத்தில் இனி நான் நம்பத்தக்க சாட்சி அல்ல.

இரண்டு பக்கத்துக்கும் புது மூட்டுப் போட்டு முடிய மாலை நாலு மணி. வீட்டுக்கு வரும் வழியில் யோகா வெற்றிப் பேச்சு எதுவும் பேசவில்லை. நானாக இருந்தால் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைவரை பேசியிருப்பேன். பம்பலப்பிட்டி நெரிசலில் கார் நின்றபோது, நானே வாயைத் திறந்தேன்.

"எனக்குக் காதிலை பிழை எண்டு உமக்கு எப்பயிருந்து தெரியும்?"

"ஒரு வருசமாத் தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். பல தரம் சொன்னனான். உங்களுக்குக் கேக்கேல்லை."

சிரிக்கத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் முகத்தில் சிரிப்பு இல்லை. இந்த முறை சத்தமாக, என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அதுக்கு முதல் ஒரு வருசம், நீங்கள் வேணுமெண்டுதான் பதில் சொல்லாமல் இருக்கிறீங்கள் எண்டு நினைச்சனான். நான் கதைக்கிறது உங்களுக்கு அலுத்துப் போச்சு எண்டு. பிறகொரு நாள் குக்கர் ஏழு விசில் அடிச்சும் நீங்கள் பக்கத்திலை இருந்து பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தீங்கள். அண்டைக்குத்தான் விளங்கினது. எனக்குப் பெரிய சந்தோசம்."

"எனக்குக் காது கேக்காதது சந்தோசமோ?"

"வேணுமெண்டு என்னைக் கேக்காமல் விடேல்லை எண்டது."

பின்னால் இருந்தவன் ஹோர்ன் அடித்தான். அது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் கொஞ்ச நேரம் காரை எடுக்க முடியவில்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. காரில் சத்தம் என்று வீட்டில் யாராவது சொன்னால் முதலில் காரைப் பாருங்கள். பிறகு உங்களைப் பாருங்கள். சொன்னவரை மட்டும் பார்க்காதீர்கள்.

நுவரெலியாப் பயணத்தை எட்டு நாள் தள்ளிப்போட்டோம். அதற்கு முதல் நான் யோகா போன அதே கிளினிக்குக்குப் போனேன். காது சோதிக்கிற பிள்ளை என் பெயரைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"ஐயா, உங்கட பேர் முதலே இருக்கு. மிஸிஸ் தனக்குக் காட்ட வந்த அண்டைக்கே உங்கட பேரையும் குடுத்திட்டுப் போனவ."

"திகதி?"

"திகதி போடேல்லை. ‘அவருக்கு விளங்கின பிறகு வருவார்’ எண்டு சொன்னவ."

சோதித்தார்கள். வலது காது பரவாயில்லை. இடது காது கிட்டத்தட்ட ஓய்வு பெற்றுவிட்டது. நம் நாட்டில் டிரைவருக்கு இடப்பக்கம் இருப்பது என்ன? இடது முன் சில்லு. அதற்கு மேலே மனைவி. இரண்டு பேருமே எனக்கு எச்சரிக்கை தந்துகொண்டிருந்தது செத்த காதுக்குள்தான். டொக்டர் ஒரு குட்டிக் கருவியை இடது காதுக்குள் பொருத்தி அனுப்பினார். வெளியே வந்தால் காலி வீதி முழுவதும் ஒரே சத்தம். இவ்வளவு சத்தத்துக்குள்ளா இந்தச் சனம் வாழ்கிறது?

போன சனிக்கிழமை நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். புது மூட்டு, புதுக் காது. பின்சீற்றில் அக்காவும் அத்தானும் நித்திரை. றம்பொடைக்கு மேலே ஒரு வளைவைச் சற்று வேகமாக எடுத்தேன். இடப்பக்கமிருந்து மிக மெல்லிய, பழகிப்போன, சாவகாசமான ஒரு முணுமுணுப்பு வந்தது.

"மாடு மாதிரி வளைக்கிறார்."

எத்தனை காலமாக இது நடக்கிறது என்று கணக்குப் பார்க்க விரும்பவில்லை.

"மாடு இதைவிட மெதுவா வளைக்கும்" என்றேன்.

யோகா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு வீதியைப் பார்த்தாள். இரண்டு வளைவு தாண்டின. மூன்றாவது வளைவில் மெதுவாகக் கேட்டாள்.

"உந்த மெஷினுக்கு ஓஃப் சுவிச் ஒண்டு இருக்குத்தானே?"