அறுபதாவது யூனிட்

வகுப்பில் உட்காரும் முன் ஷூஷான் மேசையைத் துடைப்பாள். முதல் வரிசை, மூன்றாவது நாற்காலி. பிறகு மூன்று பென்சில், ரப்பர், அடிக்கோல், குடுவை நிறையக் கெட்டிக் காப்பி என ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வெளியே வரும். பின்வரிசையில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். "தூங்குறதுன்னா வீட்ல தூங்குங்க கண்ணுங்களா, அங்க ஃபீஸ் கிடையாது" என்பாள் திரும்பிப் பார்க்காமலே. திட்டிய கையோடு ஆளுக்கொரு சீஸ் ரொட்டியும் பின்னால் போகும்.

கிளெண்டேலில் அவளைத் தெரியாத ஆர்மீனியர் இல்லை. பத்தொன்பது வருடம் ரொட்டிக்கடைக் கல்லாவில் நின்றவள். நாற்பது வயதில் என்ன தோன்றியதோ, கணக்கியல் படிக்கிறேன் என்று சமுதாயக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பருவத்துக்கு இரண்டு பாடம், ஆறு வருடம். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை யூனிட் என்று கணக்கு; இங்கே அறுபது யூனிட் சேர்ந்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் ஆண்டு. அனுமதிக் கடிதம்கூட வந்து, குளிர்பதனப் பெட்டிக் கதவில் மாதுளம்பழ வடிவக் காந்தத்தின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

படிப்பு அவளைப் படாதபாடு படுத்தியது. அவள் மற்றவர்களைப் படுத்தினாள். எதைப் பார்த்தாலும் தாளின் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று பிரித்துவிடுவாள். கணவன் ஆர்செனுக்கும் ஒரு பக்கம் உண்டு. இடப்பக்கம்: குறட்டை, சோபா இடுக்கெல்லாம் சூரியகாந்தி விதைத் தொலி. வலப்பக்கம்: திட்டினால் எதிர்த்துப் பேசமாட்டான். இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டால் அடியில் அடிக்கோல் வைத்து இரட்டைக் கோடு. "ரெட்டைக் கோடு போட்டாச்சுன்னா அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது" என்பாள்.

மே மாதம் கல்லூரி ஆலோசகர் டெல்காடோ கூப்பிட்டனுப்பினார்.

"ஷூஷான், உங்ககிட்ட அம்பத்தொம்பதுதான் இருக்கு."

"சான்ஸே இல்ல. ரெட்டைக் கோடு போட்டாச்சு."

நோட்டு விரிந்தது. டெல்காடோ விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். கல்லூரி அறிமுகம் என்ற ஒரு யூனிட் வகுப்பு, பொதுப்பாடப் பட்டியலிலும் இருந்தது, விருப்பப்பாடப் பட்டியலிலும் இருந்தது. இரண்டையும் கூட்டியிருந்தாள்.

"ஒரே வகுப்ப ரெண்டு இடத்துல எழுதியிருக்கீங்களே?"

"பற்றுல ஒண்ணு, வரவுல ஒண்ணுன்னு எதையும் ரெண்டு இடத்துல எழுதணும்னுதானே ஆறு வருஷமா சொல்லிக்குடுத்தீங்க!"

சொல்லிவிட்டாளே தவிர முகம் சுட்டது. வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறவள் சொந்தக் கணக்கில் கோட்டை விட்டிருக்கிறாள். அந்த ஒரு யூனிட் இல்லையென்றால் கடிதம் வெறும் காகிதம். கோடையில் ஒரு யூனிட்டுக்கு ஒரே ஒரு வகுப்பில்தான் இடம் மிச்சமிருந்தது. தொடக்கநிலை நீச்சல்.

ஆர்சென் சிரித்த சிரிப்பில் விதை புரையேறியது. "பீச்சுக்குப் போனா கறி சுடற அடுப்ப விட்டு நகராதவ நீ! நீயா நீச்சல்?"

"ஏழு வயசுல நம்ம ஊர்ல, செவான் ஏரியில படகுலேர்ந்து விழுந்தேன். உனக்குத் தெரியுமில்ல? பயமா இருக்கு, ஆர்சென் ஜான்." அன்பு மேலிட்டால்தான் அவள் வாயில் அந்த "ஜான்" வரும்.

அவன் சிரிப்பு நின்றது. "அப்போ நான் வேலியோரம் உக்காந்துக்கறேன். தைரியமாப் போ" என்றான்.

முதல் நாளே அவள் நீச்சல் ஆசிரியை யோலண்டாவிடம் ஆறு பக்கம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். நீந்துவது எப்படி, படங்களுடன். இதையே தேர்வாக வைத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டாள். யோலண்டா கடைசிப் பக்கம்வரை படித்தாள். "ஒரு தப்புகூட இல்ல. இப்போ இறங்குங்க."

இறங்கினாள். முதல் வாரம் முழுக்கச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். இரண்டாம் வாரம் முகத்தை நனைத்தாள். அப்புறம் மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு பாதிக்குளம் வரை போய்த் திரும்பினாள். நாளெல்லாம் மூக்குக்குள் குளோரின் நெடி. வேலிக்கு வெளியே ஆர்செனின் காலடியில் தொலிக் குவியல் ஏறிக்கொண்டே போனது.

கடைசி நாள் தேர்வு. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை. தரையில் கால் ஊன்றக்கூடாது, தடம் பிரிக்கும் கயிற்றைத் தொடக்கூடாது, மறுவாய்ப்பும் கிடையாது. ஷூஷான் சிலுவை போட்டுக்கொண்டாள், மூச்சை இழுத்தாள், பாய்ந்தாள்.

"கால ஆட்டு! கால ஆட்டுடீ!" வேலியோரம் ஆர்சென் குதித்தான். அவனுக்கும் நீச்சல் தெரியாது.

"வாய மூடு! எண்ணிக்கை தப்புது!" என்று நடுக்குளத்திலிருந்து பதில் வந்தது, கூடவே ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனது. இருமினாள், அமிழ்ந்தாள். ஆர்சென் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நீலத் தொப்பி மறுபடி மேலே வந்தது. கைகள் துணி துவைப்பது போல அடித்தன. அழகு துளிகூட இல்லை, ஆனால் தொப்பி நகர்ந்தது. விரல் நுனி அந்தக் கரையின் சுவரில் இடித்தது.

யோலண்டா விசில் ஊதினாள். "பாஸ்!"

ஷூஷான் கரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"ஒரு இடத்துலதானே?"

"ஒரே இடத்துலதான்."

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு கையை விட்டாள். வெயிலில் காய்ந்து கிடந்த சிமெண்டுக் கரையில், ஈர விரலால், அடிக்கோல் இல்லாமலே, ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கோடு இழுத்தாள்.