குழம்புக்கு வைத்த குடல்

மரியராஜ் ஒரு கல்லூரியின் உயிரியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக அட்டெண்டர். பத்தாவதில் கணக்கில் தவறியவர். ஆனால் ஆட்டுக்குடலை நூலால் கட்டுவதில் மைசூரிலேயே தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேசும் அளவுக்கு அந்த வேலையில் யாருக்கும் அனுபவம் கிடையாது.

வருடாவருடம் செய்முறைத் தேர்வில் குடல் சோதனை உண்டு. விரல் நீளக் குடலில் கெட்டியான சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, இரு முனையையும் கட்டி எடை போட வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டால், வெளியே இருக்கும் தண்ணீர் குடல் சுவர் வழியாக உள்ளே புகுந்து பை உப்பிவிடும். எடை சுமார் மூன்று கிராம் கூடும்.

இந்த வருடம் தேர்வு சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு அவர் மனைவி மோலியின் அண்ணன் வருவதாக இருந்தார். அதனால் மரியராஜ் வெள்ளிக்கிழமை மாலையே தேவராஜ மொஹல்லா கறிக்கடையில் இரண்டு கவர் குடல் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தார், ஒன்று கல்லூரிக்கு, ஒன்று வீட்டுக்கு. காலையில் கைக்கு வந்த கவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிரித்தபோது லேசாக மஞ்சளாகத் தெரிந்தது. நல்ல தீவனம் தின்ற ஆடு என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு மாணவர்கள். அரைமணி கழித்து எடை போட்டார்கள். அஷ்வினி என்ற பெண் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தாள்.

"அண்ணா, ஜாஸ்தி ஆகலை. கம்மி ஆயிருக்கு."

"சரியா தொடைச்சுப் போட்டியாம்மா?"

"மூணு தடவை போட்டேன்."

பை துவண்டு கிடந்தது. மற்ற ஏழு பைகளும் அப்படித்தான். ஆனால் அந்த ஏழு பேரும் போன வருட ரெக்கார்டைப் பார்த்து 'மூன்று புள்ளி இரண்டு கிராம் கூடியது' என்று எழுதிவிட்டிருந்தார்கள். அஷ்வினி மட்டும் கண்ணால் கண்டதை எழுதியிருந்தாள்.

வெளித்தேர்வாளர் மஞ்சுநாத் தாள்களைப் புரட்டினார். குண்டலுபேட்டைக்காரர், தமிழும் வரும். "ஏழு பேருக்குச் சரியா வந்திருக்கு. இந்தப் பொண்ணு மட்டும் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கா" என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

அஷ்வினியின் முகம் சுருங்கியது. மரியராஜ் ஒரு பையை எடுத்து மோந்து பார்த்தார். மஞ்சள்தூள். நேராக வராந்தாவுக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டார்.

"மோலி, குடலை நேத்தே கழுவிட்டியா?"

"நேத்து ராத்திரியே உப்பு மஞ்சள் போட்டுச் சுரண்டி, வெந்நீர்ல அலசி அதே கவர்ல வெச்சேன். இப்ப பாத்தா பச்சையா கிடக்கு. என்ன மாயமோ தெரியலை, மறுபடி சுரண்டிட்டு இருக்கேன்."

"போதும், நிறுத்து. சுரண்டாதது எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பாதி. அண்ணன் வர்ற நேரத்துல இப்ப எதுக்கு நிறுத்தணும்?"

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அஷ்வினி இன்னும் அதே இடத்தில் நின்றாள்.

"சார், அந்தப் பொண்ணு எழுதினதுதான் நிஜம். இது நான் குழம்புக்கு வாங்கின குடல். மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்."

மஞ்சுநாத் பேனாவை மூடினார். "குழம்புக்கானதா இருந்தா என்ன? குடல் குடல்தானே?"

"இல்ல சார். வீட்டுல உள்பக்கம் நல்லா சுரண்டிருவாங்க. அங்க இருக்கிற மெல்லிசுத் தோல்தான் சர்க்கரையை வெளிய விடாம பிடிச்சு வெக்கும். சர்க்கரை உள்ள நின்னாத்தான் தண்ணி அதைத் தேடி வரும். தோல் போச்சுன்னா சர்க்கரை ஒழுகிடும். அப்புறம் தண்ணிக்கு அங்க என்ன வேலை?"

மஞ்சுநாத் அந்த ஏழு பேர் பக்கம் திரும்பினார். "இப்ப இவர் சொன்னதை உங்கள்ல ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம்." ஏழு பேரும் போன வருட ரெக்கார்டை மூடி வைத்தார்கள். எல்லோரையும் சோதனையை மறுபடி செய்யச் சொன்னார் மஞ்சுநாத்.

மரியராஜ் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் பறந்தார். மோலியின் கையிலிருந்து மீதிக் குடலைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "எங்கண்ணனுக்கு?" என்றவளிடம், "முட்டை இருக்கில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இந்த முறை எட்டுப் பைகளும் விறைப்பாக உப்பின. ஏழு பேரும் ஆளுக்கொரு எடை எழுதினார்கள், ஒன்றுகூட மூன்று புள்ளி இரண்டு இல்லை. மஞ்சுநாத் அஷ்வினியின் இரண்டு தாள்களையும் சேர்த்து ஸ்டேப்பிள் அடித்து முழு மதிப்பெண் போட்டார். கிளம்பும்போது மரியராஜைத் தனியே அழைத்தார்.

"வர்ற வருஷம் ரெண்டு குடலையும் வைங்க. சுரண்டினது ஒண்ணு, சுரண்டாதது ஒண்ணு. பசங்க வித்தியாசம் பார்க்கட்டும்."

சாயங்காலம் மரியராஜ் இதைப் பெருமையாக வீட்டில் சொன்னார். மோலி முட்டைக் குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சுரண்டுறது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

மரியராஜ் எழுந்து போய் இன்னொரு சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார்.